அச்சு முறுக்கும் பெத்லகேம் விளக்கும்

நவம்பர் முதல் வாரத்திலேயே ஜன்னலில் நட்சத்திரம் கட்டியதுதான் ஜெர்மனியில் நான் செய்த முதல் தப்பு. பொறையாரில் எங்கள் தெருவில் யார் வீட்டு நட்சத்திரம் முதலில் எரிகிறது என்று ஒரு போட்டியே நடக்கும். அந்த நினைப்பில் மூங்கிலுக்குப் பதில் மெல்லிய மரச்சட்டம் வாங்கி, சிவப்புக் கலர்த் தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து, தெருவைப் பார்த்த ஜன்னலில் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டுப் பாட்டி மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "நட்சத்திரம் ரொம்ப அழகு. ஆனால் இறந்தோர் ஞாயிறு இன்னும் வரவில்லையே" என்றார். அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொன்னார்.

அட்வெந்துக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறு கொண்ட காத்திருப்புக் காலத்துக்கு, முந்தின ஞாயிறு அது. அந்த ஒரு வருடத்தில் சபையில் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து, பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அது முடியும்வரை கிறிஸ்துமஸ் விளக்கு எரியக்கூடாது என்பது இங்கே பலர் வீட்டு வழக்கம். எங்கள் ஊரில் கல்லறைத் திருநாள் நவம்பர் 2ஆம் தேதியே முடிந்துவிடுவதால் எனக்கு இது தோன்றவே இல்லை. அந்த ஞாயிறு ஆராதனையில் வாசித்த பெயர்களில் பாட்டியின் கணவர் பெயரும் இருந்தது. எட்டு மாதமாக அவர் தனியாக இருந்த வீட்டுக்கு நேர்மேலேதான் நான் சிவப்பு விளக்கைப் போட்டு வைத்திருந்தேன்.

நார்வேயில் இருக்கும் என் சித்தி மகளை அங்கே சபையில் வாலிபப் பிள்ளைகள் வகுப்புக்கு உதவச் சொல்லியிருக்கிறார்கள். "நீ எப்படிக்கா சமாளிக்கிறே? அதுவும் கிறிஸ்துமஸ் சமயத்துல?" என்று போனில் கேட்டாள். போனில் சொன்னது போதவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் இருப்பது கிழக்கு ஜெர்மனியில், சாக்சனி மாநிலத்தில், லைப்சிக்கிலிருந்து ரயிலில் 40 நிமிடத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். கணவர் மருத்துவமனையில் செவிலியர். பண்டிகை என்றாலே அவருக்கு டியூட்டி.

இரண்டாம் வருடம் எங்கள் சபையின் பெண் போதகர், பாஸ்டர் அம்மா, என்னைக் கூப்பிட்டார். திடப்படுத்தல் வகுப்புக்கு, அதாவது ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடத் தயாராகும் வகுப்புக்கு, ஓர் ஆள் தேவை, வருகிறாயா என்று. என் ஜெர்மன் போதாது என்றேன். "அதைப் பிள்ளைகள் திருத்திவிடுவார்கள், கவலைப்படாதே" என்றார். அந்த 'கவலைப்படாதே'யில் ஒரு எச்சரிக்கையும் இருந்திருக்கிறது, எனக்குத்தான் அப்போது கேட்கவில்லை.

முதலில் காகிதம். பிள்ளைகளோடு வேலை செய்யும் யாராக இருந்தாலும் போலீஸ் நற்சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். சாதாரணச் சான்றிதழ் போதாது, சிறுவர் பாதுகாப்புக்கென்று உள்ள விரிவான சான்றிதழ். தன்னார்வலர் என்று சபை கடிதம் கொடுத்தால் கட்டணம் கிடையாது. "என்னையா சந்தேகப்படுகிறார்கள்?" என்று எனக்கு முதலில் சுருக்கென்றது. பாஸ்டர் அம்மாவும் அதைத்தான் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்ததும் அடங்கிவிட்டேன். கதவு மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக உட்காரக் கூடாது, எந்த நிகழ்ச்சிக்கும் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும், பெற்றோர் கையெழுத்து இல்லாமல் போட்டோ போடக் கூடாது. நம் ஊர் சபைகளிலும் இதெல்லாம் வந்தால் நல்லது. நம்மிடம் 'எல்லாரும் நம்ம ஆளுதானே' என்ற ஒரே சான்றிதழ்தான் இருக்கிறது.

வகுப்பில் ஏழு பேர். பதின்மூன்று, பதினான்கு வயது. பெயர்களை எழுதப் போவதில்லை. பச்சை முடிக்காரி, நெட்டையன், ஹூடிப் பையன் என்று எனக்குள் வைத்திருந்த பெயர்களே போதும். இவர்களைத் தவிர, போன வருடங்களில் திடப்படுத்தல் முடித்துவிட்டு உதவிக்கு வரும் பெரிய பிள்ளைகள் இரண்டு பேர். இவர்களை 'டீமர்' என்கிறார்கள்.

முதல் வகுப்பிலேயே எல்லாரும் என்னைப் பெயர் சொல்லி, 'நீ' என்று கூப்பிட்டார்கள். பொறையாரில் ஞாயிறு பள்ளியில் எட்டு வருடம் 'டீச்சர்' என்றே கேட்டுப் பழகிய காது. யாரோ என் பள்ளிக்கூடக் கூட்டாளி கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தால், பதின்மூன்று வயதுப் பச்சை முடி. சபையில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான், அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. இருந்தாலும் பழக மூன்று மாதம் ஆனது.

இன்னொரு விஷயம்தான் நிஜமாகவே தலைகீழ். இந்த நாட்டில் 14 வயது ஆனால் மதத்தைப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளலாம். 1921ஆம் ஆண்டிலிருந்து சட்டம் அப்படி. 14 வயதுப் பையன் 'எனக்கு இது வேண்டாம்' என்றால் அப்பா அம்மா கையைப் பிடித்து இழுத்து வர முடியாது. கிழக்குப் பகுதியில் பெரும்பாலான குடும்பங்கள் சபையிலேயே இல்லை. வகுப்புத் தோழர்களில் பாதிப்பேர் சபையோடு சம்பந்தமில்லாத, பெரியவர்களாவதைக் குறிக்கும் 'யூகெண்ட்வைஹே' என்ற விழாவை அதே வயதில் கொண்டாடி, பணமும் பரிசும் வாங்குகிறார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அரசே நடத்திய சடங்கு. ஆட்சி போயும் சடங்கு போகவில்லை. ஆக, என் எதிரே உட்கார்ந்திருந்த ஏழு பேரும் வராமலே இருந்திருக்கலாம். ஹூடிப் பையன் ஞானஸ்நானமே எடுக்காதவன். அவன் நெட்டையனின் கூட்டாளி, 'சும்மா பார்க்க வந்தேன்' என்று வந்தவன். அவன் அப்பா அம்மா கோயில் வாசலை மிதித்ததில்லை.

நம் ஊரில் வாலிபர் கூட்டத்துக்கு வராவிட்டால் ஐயர், அதாவது சபைப் போதகர், வீட்டுக்கு ஆள் அனுப்புவார், அம்மா முறைப்பார். இங்கே மிரட்ட ஒன்றும் கையில் இல்லை. அதனால் பிரசங்கம் என்ற கருவியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். எனக்கு அது ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது. அந்த ஒரு வருடமும் நன்றாகத் தயாரித்த, தலைப்பு, உட்தலைப்பு எல்லாம் போட்ட பாடங்களை ஏழு பேரின் கொட்டாவிக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்தேன்.

மாறியது எங்கே என்றால், ஒரு நாள் 'மேய்ப்பர்கள்' என்பதற்கான ஜெர்மன் சொல்லைத் தப்பாகச் சொன்னேன். நான் சொன்னதில் மேய்ப்பர்கள் மான் ஆகிவிட்டார்கள். இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே ஒலிக்கும். வயல்வெளியில் மான்கள் இராத்திரி மந்தையைக் காத்துக்கொண்டிருந்தன. ஏழு பேரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். அப்புறம் பச்சை முடிக்காரி எழுந்து வந்து, பலகையில் இரண்டு சொல்லையும் எழுதி, என்னைப் பத்துத் தடவை சொல்ல வைத்தாள். அதுவரை வாயே திறக்காதவள்.

அடுத்த வாரம் நான் புல்ஸ்னிட்ஸ் ஃபெஃபர்கூஹன் ஒரு டப்பா வாங்கிப் போனேன். புல்ஸ்னிட்ஸ் டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் ரொட்டிக்காரர்களுக்கு இந்த மசாலாக் கேக் சுட 1558இலேயே உரிமை கொடுத்திருக்கிறார்கள். பெயரில் மிளகு இருக்கிறதே தவிர, கேக்கில் மிளகு கிடையாது. கப்பலில் வந்த எல்லா வாசனைச் சாமானையும் அந்தக் காலத்தில் மொத்தமாக மிளகு என்றே சொல்லியிருக்கிறார்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் அதில் அடக்கம். பிள்ளைகளுக்கு இந்தக் கேக் பிறந்ததிலிருந்து தெரியும். தெரியாதது, அதே ஊரில் 1682இல் பிறந்த சீகன்பால்கு என்ற ஒரு பையன் இருபத்துச் சொச்ச வயதில் கப்பலேறி, 1706 ஜூலையில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் உள்ள தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் என்பது. தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் இடத்துக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். 1715இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அவரைப் புதைத்த கோயிலில்தான் என் அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது.

"அப்போ அவரும் மான் மாதிரி ஏதாவது உளறியிருப்பார்" என்றான் நெட்டையன். நிச்சயமாக, என்றேன்.

அன்றிலிருந்து என் வகுப்பு முறை ஒன்றுதான். எனக்குத் தெரியாததை அவர்களிடம் கேட்பது. கேட்பதுபோல நடிப்பது இல்லை, அதை இந்த வயதுப் பிள்ளைகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு நிஜமாகவே தெரியாதவை ஏராளம், அந்த விஷயத்தில் வெளிநாட்டுக்காரிக்குப் பஞ்சமே இல்லை. அட்வெந்து மாலையில் ஏன் நான்கு மெழுகுவர்த்தி என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. தேடிக் கண்டுபிடித்து வந்தது டீமர் பையன். ஹம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகள் விடுதி நடத்திய விஹர்ன் என்ற போதகரிடம் பிள்ளைகள் 'கிறிஸ்துமஸ் எப்போ, கிறிஸ்துமஸ் எப்போ' என்று நச்சரித்திருக்கிறார்கள். 1839இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுக்கு ஒரு பெரிய மெழுகுவர்த்தி, மற்ற நாளுக்குச் சின்னது என்று வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றியிருக்கிறார். நச்சரிப்புத் தாங்காமல் பிறந்த வழக்கம்.

சரி, அச்சு முறுக்குக்கு வருகிறேன்.

பண்டிகைக்கு நம் ஊர்ப் பலகாரம் செய்து நீட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. முதல் வருடம் அதிரசம், சீடை, முறுக்கு என்று மூன்று நாள் நின்று சுட்டு, சபை மண்டபத்தில் வைத்தேன். நன்றி சொன்னார்கள், ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள், பாதித் தட்டு மிச்சம். பிள்ளைகள் கிட்டவே வரவில்லை. சமைத்துக் கொண்டுபோய் வைத்தால் அது கண்காட்சி, அவ்வளவுதான். அவர்கள் கையில் மாவு ஒட்டினால் கதை வேறு.

சாக்சனியில் நவம்பரில் ஒரு புதன்கிழமை மனந்திரும்புதல் நாள் என்று விடுமுறை. 1995இல் மற்ற மாநிலங்கள் எல்லாம் அந்த விடுமுறையை விட்டுவிட்டன, இது மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடம் இல்லை, கடை இல்லை, பிள்ளைகளுக்கு வேறு வேலையும் இல்லை. அந்த நாளைத்தான் அச்சு முறுக்குக்கு எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் முன்பே பெற்றோருக்குச் சீட்டு அனுப்பினேன். சூடான எண்ணெயில் வேலை, சம்மதமா? முட்டை, கோதுமை, எள், தேங்காய் இதில் எதுவாவது ஒத்துக்கொள்ளாதா? பச்சை முடிக்காரி வீகன் என்று அந்தச் சீட்டில்தான் தெரிந்தது. அவளுக்கென்று முட்டை இல்லாமல் ஒரு பாத்திரம் தனியாகக் கரைத்தேன். தேங்காய்ப்பால் இருந்தால் முட்டை இல்லாமலும் நன்றாகவே வரும். ஆசியக் கடை அரிசி மாவு இரண்டு பங்கு, மைதா ஒரு பங்கு, பொடித்த சர்க்கரை ஒரு பங்கு, டப்பாத் தேங்காய்ப்பால், ஏலக்காய், கொஞ்சம் கறுப்பு எள். தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்க. அம்மா கொடுத்துவிட்ட இரும்பு அச்சு புதுசு. அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு இராத்திரி ஊறப்போட்டு, எண்ணெயில் ஒருமுறை காய்ச்சிப் பழக்கி வைத்திருந்தேன்.

அச்சு முறுக்கில் எல்லாம் ஒரு விரற்கடை விஷயம். அச்சு எண்ணெயிலேயே கிடந்து சூடாக வேண்டும். ஆறின அச்சில் மாவு ஒட்டாது. மீறிக் காய்ந்தாலும் மாவு சொய்யென்று வழுக்கி விழுந்துவிடும். மாவில் முக்கும்போது முக்கால் அச்சுதான் முங்கலாம். மேல் விளிம்பையும் மாவு மூடிவிட்டால் பூ அச்சைப் பிடித்துக்கொள்ளும், எத்தனை ஆட்டினாலும் விடாது. எண்ணெயில் இறக்கி, ஒரு மூச்சு விட்டு, மெல்ல ஆட்டினால் பூ தானாகக் கழன்று மிதக்கும். நெட்டையன் முதல் தடவையிலேயே அச்சை மொத்தமாக முக்கினான். பூ வரவில்லை. கத்தியால் சுரண்டினான். இரண்டாவதும் அப்படியே. "இது உடைந்த அச்சு" என்றான். ஹூடிப் பையன் பேசாமல் வாங்கி, அளந்து முக்கி, கண்ணை மூடி உள்ளுக்குள் ஏதோ எண்ணி, ஒரு உதறு. பூ கழன்றது. சமையலறையில் கைதட்டல். அப்புறம் அரை மணி நேரம் அச்சை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை.

அடுப்பில் பின்பக்க வரிசையில் சட்டி, முடி கட்டிக்கொள்ள ரப்பர் பேண்ட், கையெட்டும் தூரத்தில் தீத்துணி, அடுப்பருகே ஒரே சமயத்தில் இரண்டு பேர் மட்டும் என்று எல்லாம் யோசித்தவள், புகையை யோசிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் குளிர் என்று மூடியே வைத்திருந்தேன். நாற்பதாவது முறுக்கில் கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. மனந்திரும்புதல் நாளன்று, அதுவும் அமைதி காக்க வேண்டிய விடுமுறை நாளில், தெரு முழுக்கக் கேட்டது. டீமர் பெண் நாற்காலியில் ஏறித் துண்டை வீசி நிறுத்தினாள். நான் ஓடிப்போய் அக்கம்பக்கத்தில் மன்னிப்புக் கேட்டேன். கையோடு ஆளுக்கு நான்கு முறுக்கு. கீழ்வீட்டுப் பாட்டி உட்பட.

முறுக்கை வாரி எடுத்து டப்பாக்களில் அடுக்கி, அட்வெந்துச் சந்தையில் விற்று, வந்த பணத்தைப் 'பிரோட் ஃபுயர் டி வெல்ட்' நிதிக்குக் கொடுத்தோம். 1959இலிருந்து சபைகள் கிறிஸ்துமஸ் சமயத்தில் காணிக்கை எடுக்கும் பசி ஒழிப்பு நிதி அது. சந்தையில் ஒரு தலைவலி உண்டு. சூடான மசாலா ஒயின் வாசனை எல்லா மூலையிலும். 16 வயதுக்குக் கீழே சட்டப்படி விற்க மாட்டார்கள். பிள்ளைகள் 'நீ வாங்கிக் கொடு, யாருக்குத் தெரியும்' என்பார்கள். இதில் மட்டும் நான் எங்கள் ஊர் டீச்சராகிவிடுவேன். சின்னவர்களுக்கான பழச்சாறு பானம் இருக்கிறது, கோப்பையும் ஒரே மாதிரிதான், போட்டோவில் வித்தியாசம் தெரியாது என்று சொல்லிப் பாருங்கள், வேலை செய்கிறது.

நாடகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 24ஆம் தேதி மாலை மூன்று மணி ஆராதனையில் இந்த வகுப்புதான் பிறப்பு நாடகம் போடும். மரியாளாக நடிக்க யாரும் வரமாட்டார்கள், 'இடமில்லை' என்று சொல்லும் சத்திரக்காரனாக நடிக்க நான்கு பேர் அடித்துக்கொள்வார்கள். வசனத்தை அவர்களையே எழுத விடுங்கள். எங்கள் சத்திரக்காரன் 'ஆன்லைனில் புக் பண்ணினீர்களா?' என்று கேட்டான். பாஸ்டர் அம்மா ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. நான் வெட்டியிருப்பேன், சபையும் அந்த இடத்தில் சிரித்திருக்காது.

நான் சொல்ல வந்தது விளக்கைப் பற்றி.

பெத்லகேமில் இயேசு பிறந்த இடத்தில் ஒரு விளக்கிலிருந்து சுடர் எடுத்து, ஆஸ்திரியாவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சாரணர் பிள்ளைகள் நாடு நாடாகக் கொண்டுபோகிறார்கள். 1986இல் லின்ஸ் நகரில் ஒரு வானொலி நிலையம் தொடங்கி வைத்தது. மூன்றாம் அட்வெந்து ஞாயிறன்று அது இந்தப் பக்கம் வந்து சேரும். எங்கள் சபையும் மூடிய கண்ணாடி விளக்கில் வாங்கி வரும். அதை 24ஆம் தேதிவரை அணையாமல் காப்பது யார்? அதற்கு முன் சபைப் பணியாளர் வீட்டில் இருந்தது. நான் வந்த நான்காம் வருடம் பிள்ளைகளிடம் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கல்லறையில் வைக்கும் நீண்ட நேரம் எரியும் மெழுகுவர்த்திகள் ஒரு பெட்டி, இரண்டு விளக்குகள், ஒரு பட்டியல். விளக்கு ஏன் இரண்டு என்றால், ஒன்று அணைந்தால் இன்னொன்றிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். இரண்டும் எப்போதும் வெவ்வேறு வீட்டில் இருக்க வேண்டும். கைபேசிக் குழுவில் தினமும் இரவு விளக்கின் படம் ஒன்று போட வேண்டும். பாத்திரத்தில் மணல் போட்டு, அதன்மேல் விளக்கை வைக்க வேண்டும், தூங்கும் அறையில் கூடாது. பெற்றோருக்கும் இதை எழுதி அனுப்பினேன்.

ஹூடிப் பையன் வீட்டில் இரண்டு இரவு. சபையோடு சம்பந்தமே இல்லாத வீட்டின் சமையல் மேசையில் பெத்லகேம் சுடர். அவன் அனுப்பிய படத்தில் பின்னால் அவன் அப்பா கை கட்டிக்கொண்டு விளக்கையே பார்த்து நின்றிருந்தார்.

22ஆம் தேதி ஒத்திகை முடிந்து எல்லாரும் போனபின் அவன் மட்டும் நின்றான். கோயில் கதவைத் திறந்து வைத்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். மேலே சொன்ன விதி அது. வெளியே சுழியத்துக்கும் கீழே குளிர்.

"முந்தாநாள் இராத்திரி அணைந்துவிட்டது" என்றான்.

"ம்."

"அப்பா லைட்டரில் ஏற்றிவிட்டேன். படமும் போட்டேன். எல்லாரும் ஹார்ட் போட்டார்கள்."

எனக்கு நாக்கு நுனியில் பத்துக் கன்னிகைகள் உவமை வந்து நின்றது. எண்ணெய் இல்லாத ஐந்து பேர், கதவு அடைபட்டது, எல்லாம். எங்கள் ஞாயிறு பள்ளியில் இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருந்தால் டீச்சர் மூன்று வாரம் ஓட்டியிருப்பார். அந்த டீச்சர் நானேதான். இன்னொரு பக்கம், 'நெருப்பு நெருப்புதானே, விடு' என்று சொல்லவும் வாய் வந்தது. அதுவும் தப்பு. அவனுக்கு அது வெறும் நெருப்பு இல்லை, அதனால்தான் குளிரில் நின்று சொல்கிறான். இரண்டையும் விழுங்கிவிட்டு, இப்போ என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். பதில் வர ரொம்ப நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்கப் பேசாமல் இருந்ததுதான் இந்த ஆறு வருடத்தில் நான் செய்த கஷ்டமான வேலை என்று நினைக்கிறேன்.

"இன்னொரு விளக்கு அவள் வீட்டில் இருக்கிறது" என்றான். பச்சை முடிக்காரி வீடு. ஊரின் அந்தக் கோடி.

அன்று இரவு ஒன்பது மணிக்குக் குழுவில் அவன் ஒரே வரி எழுதினான்: 'புதன்கிழமை அணைந்தது, நான் மறைத்தேன், இப்போது சரி செய்தாயிற்று.' கூடவே ஒரு படம். பனியில் அவனும் அவன் அப்பாவும், நடுவில் விளக்கு. அப்பா காற்றுக்குத் தன் கோட்டை விரித்துப் பிடித்திருந்தார். குழுவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நெட்டையன் மட்டும் தீயணைப்பு வண்டிப் படம் ஒன்று போட்டான்.

இனி 24ஆம் தேதி. வெளிநாட்டில் முதல் கிறிஸ்துமஸ் வருபவர்களுக்கு: கடைகள் அன்று மதியம் இரண்டு மணிக்குள் மூடிவிடும், 25, 26 இரண்டும் விடுமுறை. 23ஆம் தேதிக்குள் பால், முட்டை, ரொட்டி வாங்கி வையுங்கள். முதல் வருடம் இது தெரியாமல் நான் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டேன். அதைவிடப் பெரிய அடி, மாலை ஆராதனை முடிந்து பத்தே நிமிடத்தில் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாமல் போனது. நம் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் வீட்டுக் கதவு மூடாது. கேரல் ரவுண்ட்ஸ் வருவார்கள், பக்கத்து வீட்டு மாமிக்குப் பலகாரத் தட்டு போகும், அந்தத் தட்டு வெறுமையாய்த் திரும்பாது. இங்கே அந்த மாலை குடும்பத்துக்குள். உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும் சாப்பிட்டு, மரத்தடியில் பரிசைப் பிரிப்பார்கள். யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. அழைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம், அவர்களுக்கு அப்படித் தோன்றுவதே இல்லை. கணவர் டியூட்டியில். நான் ஆறு மணிக்கே படுத்துவிட்டேன்.

இரவு பதினொரு மணிக்கு இன்னொரு ஆராதனை உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. குடும்பச் சாப்பாடெல்லாம் முடிந்தபின், தூக்கம் வராதவர்கள் வரும் ஆராதனை. தனியாக வாழ்பவர்கள், வேலை முடிந்து வருபவர்கள். பிறகு நான் போக ஆரம்பித்தபோதும், பிள்ளைகள் வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பச்சை முடிக்காரிதான் முதலில் வந்தாள். அவள் அப்பா அம்மா பிரிந்தவர்கள். ஏழரை வரை அம்மா வீடு, அப்புறம் பத்து வரை அப்பா வீடு. "இந்த ஒரு சாயங்காலம்தான் வருடத்திலேயே எனக்குப் பிடிக்காதது. இரண்டு இடத்திலும் சாப்பிட வேண்டும்" என்றாள். அதிலிருந்து அந்த ஆராதனைக்குப் பின் கோயில் பின்புறம் தேநீர் போடும் வேலையை அவளிடம் விட்டிருக்கிறோம். யார் எத்தனை மணிக்கு யாரோடு வீடு திரும்புவார்கள் என்று பெற்றோர் கையெழுத்தோடு ஒரு தாள் என் பையில் இருக்கும். நள்ளிரவு அல்லவா.

அந்த நான்காம் வருடம் ஏழு பேரில் ஐந்து பேர் வந்தார்கள். ஹூடிப் பையன் அப்பாவோடு வந்தான். அவர் கடைசி பெஞ்சில், கதவை ஒட்டி உட்கார்ந்தார். இரண்டு விளக்குகளையும் பலிபீடத்தில் வைத்து, அதிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டார்கள். அவர் தயங்கி, பையன் நீட்டிய பிறகுதான் வாங்கினார்.

குளிர்காலத்தில் இந்தியா நான்கரை மணி நேரம் முன்னால். இங்கே பதினொன்றே முக்கால் என்றால் பொறையாரில் விடிகாலை நாலே கால். ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா வீடியோவில் கூப்பிட்டார். புதுப் புடவை, தலையில் மல்லிகை, பின்னால் கோயில் வாசல், இருட்டில் எரியும் பெரிய நட்சத்திரம், ஒலிபெருக்கியில் கீர்த்தனை. பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு போனுக்குள் பார்த்தார்கள்.

"யாருடி இதெல்லாம்? அந்தப் புள்ளைக்கு ஏன் தலை பச்சையா இருக்கு?"

"என் வகுப்புப் பிள்ளைங்கம்மா."

ஹூடிப் பையன் விளக்கைத் தூக்கிப் போனுக்கு நேராகக் காட்டினான்.

"அது என்னடி, அரிக்கேன் விளக்கு மாதிரி?"

"அது பெத்லகேம்லேர்ந்து வந்தது, நடுவுல ஒரு தடவை..."

"சரி சரி, அப்புறம் சொல்லு. ரெண்டாம் மணி அடிச்சாச்சு, ஐயர் வந்துட்டார்" என்று அம்மா வைத்துவிட்டார்.

என்ன சொன்னார்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். அங்கே இப்போதுதான் தொடங்குகிறது என்றேன். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தோம். விளக்கு இரண்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. இன்று இராத்திரி யார் எடுத்துப்போவது என்று பச்சை முடிக்காரி கேட்டாள். பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 24ஆம் தேதிக்குக் கீழே நான் கோடு போட்டு முடித்திருந்தேன். கடைசி பெஞ்சில் இருந்த அப்பா எழுந்து, கோட்டுப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.